வெல்லக் கொப்பரையும் கப்பல் சட்டமும்

கிருஷ்ணகிரி கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்தடியில் அந்தக் கொப்பரை கிடந்ததை நினைக்கும்போது எனக்கு முதலில் எறும்புகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுத்தாலும் உள்ளே அடங்கிவிடும் இரும்புக் கொப்பரை. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, போலீஸ்காரர்களும் வண்டிக்காரருமாகச் சேர்ந்து இறக்கிப் போட்டிருந்தார்கள். அடிப்புறம் முழுக்கக் கரி. உள்விளிம்பில் வெல்லப்பாகு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தேடி எறும்புகள் சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன. மாஜிஸ்திரேட் வெளியே வந்து பார்த்தார். குனிந்து விளிம்பைத் தொட்டவர், எறும்பு கடித்ததும் கையை உதறிக்கொண்டு சிரித்தார். "இது என்னன்னு எறும்புக்கே தெரியுதே" என்றார். சுற்றி நின்ற வக்கீல்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த எறும்புகளை அங்கே வரவழைத்தவன் நான்தான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தென்பெண்ணையில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. கிருஷ்ணகிரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. நான் சென்னையில் சட்டம் படித்துவிட்டு வந்து புதிதாகத் தொழில் தொடங்கியிருந்தேன். படித்த காலத்தில் என் மனம் போனது கப்பல் சட்டத்தின் பக்கம். மாலையில் துறைமுகத்துக்குப் போய் நின்று, கப்பல்களையும் அவற்றுக்குப் பக்கத்தில் கிடக்கும் மிதவைகளையும் கிரேன் என்கிற பளுதூக்கிகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கேயே ஒரு பெரிய வக்கீலிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஆசை. ஆனால் என்னைப் படிக்க வைத்தவர் அக்காவின் வீட்டுக்காரர். பாரூர்ப் பக்கம் கரும்பும் நெல்லுமாக நிலம் வைத்திருந்த அவருக்கு, வாய்க்கால் தகராறுக்கும் வரப்புத் தகராறுக்கும் வீட்டிலேயே ஒரு வக்கீல் தேவைப்பட்டது. "மாப்ளே, கப்பலெல்லாம் வெள்ளக்காரன் ஓட்டட்டும். நீ வந்து என் வாய்க்காலப் பாரு" என்றார் மாமா. வந்தேன். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கப்பல் சட்டம் தெரிந்த ஒருவன் என்ன செய்வான்? மற்ற வக்கீல்கள் எனக்குக் கப்பல் வக்கீல் என்று பெயர் வைத்தார்கள். "ஏம்ப்பா, பாரூர் ஏரியில துறைமுகம் வருதாமே, இப்பவே போர்டு மாட்டிரு" என்பார்கள். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆளிருக்காது.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் இழுத்தது முதல் கேள்விதான்: எதை ஓடம் என்பது? ஆங்கிலத்தில் 'வெசல்' என்பார்கள். நான் இங்கே ஓடம் என்றே எழுதுகிறேன். பார்வைக்கு எளிமையான கேள்வி. உள்ளே போனால் தரை தட்டாது. கட்டி மிதக்கவிட்ட மரத்தடிகள் ஓடமா? கரையோடு சங்கிலியால் கட்டி, வருடக்கணக்காக நகராமல் கிடக்கும் பழைய கப்பல் இன்னும் கப்பல்தானா? மிதவைமேல் நிற்கும் பளுதூக்கி எந்திரமா, ஓடமா? ஓடம் என்றால் அதற்கு ஒரு சட்டம், ஒரு பொறுப்பு, அதில் ஏறியவனுக்கு ஓர் உரிமை. இல்லையென்றால் அது மிதக்கிற ஒரு சாமான். நம் தண்டனைச் சட்டம் இதைச் சுருக்கமாகவே சொல்கிறது: தண்ணீரில் மனிதரையோ பொருளையோ கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்ட எதுவும் ஓடம். எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் உயிர்நாடி. வேறொன்றுக்காகச் செய்த பொருளை ஒருவன் மாற்றியமைத்துத் தண்ணீரில் விட்டு ஆள் ஏற்றினால், அந்த மாற்றத்தோடு அது ஓடமாகிவிடுகிறது என்று மாணவனாக இருந்தபோது நானே ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கினேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மாமாவின் கரும்புத் தோட்டங்களில் ஒன்று ஏரிக்கு வரும் கால்வாய்க்கு அக்கரையில் இருந்தது. கோடையில் கால்வாயில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் எதிர்த்து ஏறி, கால்வாய் ஓர் ஆறு போலாகிவிடும். சுற்றிக்கொண்டு போனால் ஆட்களுக்கு அரை நாள் வேலை கெடும். அதற்கு அந்தப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் கண்டுபிடித்திருந்த வழி வெல்லக் கொப்பரை. அடி தேய்ந்து, பாகு காய்ச்ச உதவாமல் போனதைத் தண்ணீரில் விடுவார்கள். மாமா ஒரு படி மேலே போனார். கொல்லரை வரவழைத்து, உட்கார நடுவில் ஒரு பலகையை ஆணியடித்துப் பொருத்தினார். இரு கரை மரங்களுக்கும் கயிறு கட்டினார். ஏறிப் போகிற கூலி ஆட்களுக்கு அளக்கும் கேழ்வரகில் அதற்காக ஒரு பிடி குறைத்தார்.

அதை ஓட்டியவரைக் கொப்பரைக்காரர் என்றே ஊரில் சொல்வார்கள். மாமாவின் பண்ணையில் தலைமுறையாக வேலை செய்த குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அன்று நான் அவரை அவன் என்றுதான் சொன்னேன், வா போ என்றுதான் கூப்பிட்டேன். கயிற்றை ஒரு கையால் பிடித்து, மூங்கிலை மறு கையால் ஊன்றி, கொப்பரை சுழலாமல் கொண்டுபோவார். முதுகு விளிம்பில் படும்படி, ஒருவரையொருவர் பார்த்து உட்காரச் சொல்வார். யாராவது அசைந்தால், "ஆடாதீங்க, பாகு பொங்கிரும்" என்பார். அவர் மனைவியும் கரும்பு வெட்டப் போகிறவள். எல்லாருடைய கொடுவாள்களையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருப்பாள். "பொங்கினா நீதான் முதல்ல வேகுவ, பேசாம ஓட்டு" என்று அவள் சொல்ல, கொப்பரை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஒருமுறை நானும் போனேன். "சின்னய்யா, மெட்ராஸ் கப்பலும் இப்பிடித்தான் சுத்துமுங்களா?" என்று கேட்டார். இதைவிட மோசமாகச் சுற்றும் என்றேன். அவர் மனைவி, "அப்ப அதுல ஏற மாட்டேன்" என்று தலையாட்டினாள்.

அவள் இறந்தது அந்தக் கால்வாயில்தான். மழை விட்ட ஒரு காலை. நான் கிருஷ்ணகிரியில் இருந்தேன். செய்தி வந்து பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை எனக்குச் சொன்னவள் அக்கா. ஆட்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு அக்கா கரைக்குப் போயிருந்தாள். கொப்பரை நிறைந்த பிறகும் மாமா இன்னும் சிலரை ஏறச் சொன்னார். அன்றே வெட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அக்கா அடுக்களையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வேணாமுங்க, தண்ணி விளிம்புக்கு வந்திருச்சின்னு அவன் சொன்னான்டா. இவருதான், எத்தன மொடா சாறு புடிச்ச கொப்பரை, உங்களப் புடிக்காதான்னு கத்தினாரு. அவன் என்னப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல." நடுக்கால்வாயில் கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் மொண்டுவிட்டது. மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காலடியில் கொடுவாள்களை வைத்திருந்தவளால், அவை காலில் சரிந்து விழுந்ததில், எழுந்திருக்கவே முடியவில்லை. பச்சைக் குழந்தையாக ஒரு பெண் இருந்தது அவர்களுக்கு.

போலீஸ் வந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று கொப்பரைக்காரர் மேல் வழக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு பாரம் மிகுந்த ஓடத்தில் ஆட்களை அனுப்பினார் என்று மாமா மேல் வழக்கு. இரண்டையும் ஒன்றாக விசாரிப்பதாக ஏற்பாடு. ஏறச் சொன்னவர் மாமா என்பது கோர்ட்டில் நின்றுவிட்டால் பழியில் பெரும்பங்கு அவர்மேல் போகும். ஓட்டியவர் ஏவலுக்குக் கட்டுப்பட்ட கூலியாள் என்று ஆகிவிடுவார். மாமா தப்பினால் முழுப் பழியும் கொப்பரைக்காரர் தலையில். இது எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே இரண்டு பேருக்கும் நானே வக்காலத்துப் போட்டேன். கொப்பரைக்காரர் கைநாட்டு வைத்துவிட்டு, கருமாதிக்கு மழித்த தன் தலையில் மையைத் துடைத்துக்கொண்டார். "சின்னய்யா பாத்துக்குவாருங்க" என்று மாமாவிடம் சொன்னார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாமாவைக் காப்பாற்றும் கடமை ஒரு பாதி. மறு பாதி வேறு. படித்தது வீணாகப் போகிறதே என்று அறையில் தனியாகக் குமைந்துகொண்டிருந்தவனுக்கு, சட்டத்தில் ஓடம் என்றால் என்ன என்று கேட்கிற வழக்கு ஒன்று கடலே இல்லாத ஊரில் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண் செத்த வழக்கு என்பதை நான் மறக்கவில்லை. அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கொப்பரை தண்ணீருக்குள் கிடந்தது. போலீஸ் அதைத் தேடவில்லை. தண்ணீர் வடிந்ததும் மாமாவின் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். கோர்ட்டு அதைக் கேட்பதற்கு முன்னால் நான் பாரூருக்குப் போனேன். பலகையைக் கழற்றச் சொன்னேன். ஆணித் துளைகளை ஒட்டுப்போட்டு அடைக்கச் சொன்னேன். பழைய கொப்பரைகளில் ஒட்டு இருப்பது சாதாரணம். பிறகு அதை ஆலைக் கொட்டகை அடுப்பில் ஏற்றி ஒரு முறை பாகு காய்ச்சச் சொன்னேன். மாமாவே ஒரு கணம் தயங்கினார். "அதுலயா மாப்ளே?" என்றார். "அதுலதான் மாமா. வெல்லம் காய்ச்சறதுக்குச் செஞ்சது, வெல்லம் காய்ச்சற கொப்பரையாவே இருக்கட்டும்" என்றேன். அக்கா கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பு பிடித்து, சாறு கொதித்து, நுரை எழும்பியது. வழக்கமாக முதல் உருண்டையை எடுத்துவந்து என் வாயில் போடுகிறவள், அன்று கொட்டகைக்குள் வரவில்லை. அந்த வெல்லத்தில் ஒரு துண்டுகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மாமா அதைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அனுப்பினார். விற்றுப்போனது. யார் வீட்டுப் பொங்கலில் கரைந்ததோ தெரியாது.

வழக்குக்கு முதல் நாள் அக்கா என்னைக் கேட்டாள். "நான் பாத்தத நீ கோர்ட்டுல சொல்லுவியா?" நான் சாட்சி இல்லை, வக்கீல் என்றேன். "அப்ப நான் வந்து சொல்லட்டுமா?" என்றாள். அவளுக்கு அந்த வீட்டைவிட்டால் போக இடமில்லை. நான் இருந்தேன், என்னிடம் வந்திருக்கலாம். அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. "உனக்கெதுக்கு அக்கா அதெல்லாம்?" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கொப்பரைக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருந்தேன். "நீதானே ஓட்டினன்னு கேப்பாங்க. ஆமான்னு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். ஏதாச்சும் அபராதம் போடுவாங்க, மாமா கட்டிருவாரு." அவர் கூண்டில் கைகட்டி நின்று, ஆமாங்க என்றார். ஏறச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நான் கேட்கவில்லை. மற்றக் கூலி ஆட்கள் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு, நினைவில்லை என்றார்கள். பிறகு நான் எழுந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக வேறெப்போதும் வாதாடியதில்லை. மிதவை, பளுதூக்கி, கட்டிக் கிடக்கும் கப்பல் எல்லாவற்றையும் அந்தச் சின்ன அறைக்குள் கொண்டுவந்தேன். வெள்ளத்தில் ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு கரையேறினால் கதவு ஓடமாகிவிடுமா என்று கேட்டேன். கரும்புச் சாறு காய்ச்சச் செய்த பாத்திரம் தண்ணீரில் மிதந்தது ஒரு தற்செயல் என்றேன். என்னைக் கேலி செய்த வக்கீல்கள் வாயிலில் நின்று கேட்டார்கள். மாஜிஸ்திரேட் எழுந்துபோய்க் கொப்பரையைப் பார்த்துவிட்டு வந்தார். எறும்புகள் என் கட்சியை எடுத்துச் சொல்லின.

மாமா விடுதலை. கொப்பரைக்காரருக்கு ஒரு வருடம் சிறை. தன் மனைவியின் சாவுக்கு.

அவருக்குத் தீர்ப்பு புரியவில்லை. போலீஸ்காரர் தோளைத் தொட்டதும் என் பக்கம் திரும்பினார். "சின்னய்யா, எஜமானுக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார். இல்லை என்றேன். முகம் தெளிந்தது. "அப்ப நான் வூட்டுக்குப் போலாங்களா? புள்ள தனியா இருக்குதுங்க" என்றார். நான் கையிலிருந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன். அவரை நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வக்கீல்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்றிலிருந்து யாரும் என்னைக் கப்பல் வக்கீல் என்று கேலியாகக் கூப்பிடவில்லை. மரியாதையாகவே கூப்பிட்டார்கள்.

தொழில் பெருகியது. மனிதர்கள் குறைந்தார்கள். கடலைப் பார்க்காத அக்கா, நான் லீவில் வரும்போதெல்லாம் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்பவள். ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வழக்குக்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. போனால் இலை போடுவாள், பரிமாறுவாள், உள்ளே போய்விடுவாள். பின்னாளில் ஊராரோடு ராமேஸ்வரம் போய் வந்தாள் என்று வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். கொப்பரைக்காரர் விடுதலையாகி ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு என் ஆபீசைத் தேடி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் இல்லை என்று சொல்லும்படி குமாஸ்தாவிடம் சொன்னேன். "பரவால்லீங்க. ஒண்ணு கேக்கணும், அவ்வளவுதானுங்க" என்ற குரல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. வெயில் இறங்கும் வரை வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

இப்போது நான் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, மருமகளுக்கும் வேலை. பகல் முழுதும் வீட்டில் நான் மட்டும். பக்கத்து வீடுகளில் கன்னடமும் இந்தியும் கேட்கும். கதவைத் தட்டுகிறவர்கள் பார்சல் கொண்டுவருபவர்கள். மாமா போய்விட்டார், அக்காவும் போய்விட்டாள். சாகும்போது அவள் பக்கத்தில் இருந்தேன். கண் திறந்து பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

போன தை மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரியில் மாறி, பாரூர் போய்ச் சேர்ந்தேன். கொப்பரைக்காரர் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். அன்று குழந்தையாக இருந்த மகள் இருந்தாள்; தலை நரைத்து, பேரப்பிள்ளைகளோடு. மகன்கள் சிப்காட்டில் வேலைக்குப் போகிறார்களாம். யாரென்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். நின்றுகொண்டேதான் சொன்னேன். உன் அப்பா மேல் தப்பில்லை, அவர் வேண்டாமென்று சொன்னார், எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்று. சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "அது எங்களுக்குத் தெரியுமுங்களே" என்றாள். "அப்பா வெளிய வந்த அன்னிக்கே உங்கக்கா எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. வீதியில நின்னு எல்லாருங் கேக்கச் சொன்னாங்களாம். அப்புறம் அவங்க சாகற மட்டும் வருசா வருசம் அம்மா செத்த நாளுக்கு வந்து குந்திட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. அக்கா எனக்குச் சொல்லவில்லை. உன் அப்பா என்னிடம் எதையோ கேட்க வந்தாரே, அது என்ன என்று கேட்டேன். "என்னக் கேட்டா? உங்ககிட்டத்தானே கேக்க வந்தாரு" என்றாள். பிறகு, என்னைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, குரலைத் தணித்தாள். "இவ்வளவு தூரம் பஸ்ல வந்து எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான். தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அதனால் உங்களிடம் சொல்கிறேன். அது ஓடம். ஆட்களைத் தண்ணீரில் கொண்டுபோவதற்காகப் பலகை அடித்து, கயிறு கட்டிச் செய்யப்பட்ட ஓடம். கூலியில் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏற்றியவர் என் மாமா. பாரம் மிகுந்துவிட்டது, வேண்டாம் என்று சொன்னவர் அதை ஓட்டியவர். சொல்லியும் ஏற்றினார்கள். அதில் அவருடைய மனைவி செத்தாள். அவர் குற்றவாளி அல்ல. இதெல்லாம் அன்று கோர்ட்டில் அவருடைய வக்கீல் சொல்லியிருக்க வேண்டியது. அவருடைய வக்கீல் நான்.